மேலே போடும் அந்த ஒன்று

பதினாறு புளியங்கொட்டைகளை உங்கள் பிள்ளையின் முன்னால் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 16 என்று எழுதும். அதில் 6-ஐத் தொட்டுக்காட்டி, "இது எத்தனை கொட்டை? எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஆறு கொட்டைகளைத் தள்ளி வைக்கும். அடுத்து 1-ஐத் தொட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நிறையப் பேர் ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்பிலும் அப்படிக் காட்டுகிறவர்கள் உண்டு. ஒன்பது கொட்டைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் தரையில் கிடக்கும். "அப்போ இதெல்லாம் எதுல சேர்த்தி?" என்று கேட்டால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்.

இந்தச் சோதனை புதிதல்ல. ஜெனீவாவில் உளவியலாளர் ழான் பியாஜேயுடன் பணியாற்றி, பிறகு அமெரிக்காவில் தொடக்க வகுப்புக் கணக்கை நெடுங்காலம் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் கமி இதைப் பல பிள்ளைகளிடம் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்தவை பிளாஸ்டிக் சில்லுகள். நமக்குப் புளியங்கொட்டை போதும். இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்றுதான். நோட்டில் ஈரிலக்கக் கூட்டல்களைச் சரியாகப் போட்டு நட்சத்திரம் வாங்கும் பிள்ளையும் இந்தக் கேள்வியில் ஒற்றைக் கொட்டையைத்தான் நீட்டுகிறது.

எப்படி நேர்ந்தது இது? நாம் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான். 27-ஐயும் 35-ஐயும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, கோடு போட்டு, "ஏழும் அஞ்சும் பன்னெண்டு. ரெண்டைக் கீழே போடு, ஒண்ணை மேலே போடு. ஒண்ணும் ரெண்டும் மூணு, மூணும் மூணும் ஆறு. அறுபத்திரெண்டு" என்று சொல்லித் தருகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் மாலை ஏழு மணிக்கு இந்தக் குரல் கேட்கிறது. விடை சரி. ஆனால் மேலே போட்ட அந்த ஒன்று ஒன்றல்ல, பத்து. "ரெண்டும் மூணும்" என்று நாம் சொன்னது இருபதும் முப்பதும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையில்லாத ஒன்றை நாமே சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை நம்மை நம்பி அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிறகு மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கத் தெரியாமல் விழிக்கும்போது, "கவனம் பத்தலை" என்று அதன் தலையில் பழியைப் போடுகிறோம்.

பெற்றோர்களே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லியே ஆக வேண்டும். நமக்கு அவசரம். எல்கேஜி பிள்ளை நூறு வரை ஒப்பித்தால் வாட்ஸ்அப்பில் போடுகிறோம். யூகேஜி பிள்ளை ஈரிலக்கக் கூட்டல் போடுகிறதா என்று பள்ளி வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிக்கிறோம். ஆசிரியர் ஒரு வாரம் பிள்ளைகளுக்குக் குச்சி கட்ட விட்டால், "நோட்டுல ஒண்ணும் எழுதலையே மிஸ்" என்று நேரே போய் நிற்கிறோம். நோட்டு நிரம்பினால் படிப்பு நடக்கிறது, நிரம்பாவிட்டால் நடக்கவில்லை என்று நமக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பயந்து ஆசிரியரும் பக்கம் பக்கமாக எழுதவைக்கிறார். ஆறு வயதுக் கை வலிக்கிறது.

பத்து என்பது பெரியவர்களுக்கு ஒரு சாதாரண எண். ஆறு வயதில் அது ஒரு பெரிய எண்ணம். பத்துப் பொருள்கள், அதே நேரத்தில் அது ஒரே பொருள். இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லி விளங்கவைக்கக்கூடிய செய்தி அல்ல இது. பிள்ளை தன் கையால் பத்தை ஒன்றாக்க வேண்டும், அந்த ஒன்றைத் தன் கையால் பிரித்துப் பத்தாக்கவும் வேண்டும். ஒரு தடவை அல்ல, சலிக்கும் வரை.

அதற்கு வேண்டியது ஒரு பழைய துடைப்பமும் ரப்பர் பேண்டும். ஈர்க்குச்சிகளைக் கழுவிக் காயவைத்து, கூர் முனையை வெட்டி, விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஐஸ் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. நூறுக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். தம்பி தங்கை தவழும் வீடானால் கொட்டையும் மணியும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். குச்சியானாலும் ஆட்டம் முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் சில நாட்கள் கூட்டல் என்ற பேச்சே எடுக்க வேண்டாம். ஒரு கைப்பிடி குச்சியை அள்ளிக் கொடுத்து, "எத்தனை இருக்கும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். ஏதாவது சொல்லட்டும். பிறகு பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். மூன்று கட்டும் நாலு உதிரியும் வந்தால் முப்பத்தி நாலு. அவ்வளவுதான். கட்டும்போது ஒன்பதோடு நிறுத்தும், பதினொன்றைச் சேர்த்துக் கட்டும். திருத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் தானே பிரித்து எண்ணும். அது பிரித்து எண்ணுகிற அந்த வேளைதான் படிப்பு. நாலைந்து நாள் போனால், கட்டைப் பிரித்துப் பார்க்காமலே "இது பத்து" என்று நம்பத் தொடங்கும். அந்த நம்பிக்கை வரும்வரை கூட்டலுக்குப் போவதில் பயனில்லை.

வந்த பிறகு 27 குச்சிகளை இந்தப் பக்கம், 35 குச்சிகளை அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு முடியாத காரியம் அதுதான். பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? பெரும்பாலும் முதலில் கட்டுகளை எடுக்கும். இரண்டு கட்டும் மூன்று கட்டும் ஐந்து கட்டு, ஐம்பது. பிறகுதான் உதிரிக்கு வரும். நோட்டில் நாம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறோம். பிள்ளையின் கை பெரியதிலிருந்து தொடங்குகிறது. அது தவறே இல்லை. காய்கறிக் கடையில் நிற்கும் அம்மாவைக் கேளுங்கள், 27 ரூபாயும் 35 ரூபாயும் என்றால் அவரும் இருபதையும் முப்பதையும்தான் முதலில் சேர்ப்பார். "ஒன்றாம் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும்" என்று அங்கே குறுக்கிட்டீர்களானால், பிள்ளைக்குச் சரியாகத் தோன்றிய ஒரு வழியை அடைத்துவிட்டீர்கள்.

உதிரிகள் பன்னிரண்டு கிடக்கும். சில பிள்ளைகள் அப்படியே விட்டுவிட்டு "அம்பதும் பன்னெண்டும்" என்பார்கள். அதுவும் சரிதான். சில பிள்ளைகள் ரப்பர் பேண்ட் கேட்பார்கள். பத்தை எண்ணிக் கட்டி, மற்ற ஐந்து கட்டுகளோடு கொண்டுபோய் வைப்பார்கள். ஆறு கட்டு, இரண்டு உதிரி. மேலே போடும் ஒன்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது அந்த இடத்தில் கண்ணுக்கு முன் நடந்து முடிகிறது. பாடநூல் இதை இனமாற்றம் என்கிறது. பெயர் பிறகு வரட்டும். கட்டத் தோன்றாத பிள்ளைக்கு, "உதிரி நிறைய இருக்கே, எண்ணச் சுலபமா ஏதாவது பண்ணலாமா?" என்று ஒரு வார்த்தை போதும். நீங்கள் எடுத்துக் கட்டிவிடாதீர்கள்.

குச்சி பழகிய பிறகுதான் பணம். பத்து ரூபாய்த் தாள்களும் ஒரு ரூபாய் நாணயங்களும் வைத்துக் கடை விளையாட்டு நல்ல பயிற்சி, நானும் அதை விரும்புகிறேன். ஆனால் பல பெற்றோர் எடுத்த எடுப்பில் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து ரூபாய்த் தாளைக் கிழித்தாலும் உள்ளே பத்து ஒரு ரூபாய்கள் கிடைக்காது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று மாற்றிக்கொள்கிற பொருள் அது. பெரியவர்கள் சொல்வதை நம்பித்தான் மாற்ற வேண்டும். கட்டு அப்படியல்ல, பிரித்தால் பத்தும் உள்ளே இருக்கின்றன. நாணயம் குறைந்த மதிப்பா, தாள் அதிக மதிப்பா என்று அளவைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஆகவே முதலில் கட்டு, பிறகு பணம். பள்ளியில் பார்க்கும் ஆணிமணிச்சட்டம் இதற்கும் அப்பால் வருவது. அதில் ஒன்றைக் குறிக்கும் மணியும் பத்தைக் குறிக்கும் மணியும் ஒரே அளவு. எந்த ஆணியில் இருக்கிறது என்பதால் மட்டுமே மதிப்பு மாறுகிறது. கிட்டத்தட்ட எண்ணை எழுதுவதைப் போன்றதே அது. முதல் நாளே அதைக் கையில் கொடுத்து "செயல்வழியில் சொல்லித் தருகிறேன்" என்று நிறைவடையாதீர்கள்.

கடை விளையாட்டைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. முன்பெல்லாம் பிள்ளை கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வந்தது. இப்போது நாம் க்யூஆர் அட்டையில் போனைக் காட்டிவிட்டு நடந்துவிடுகிறோம். பணம் கை மாறுவதையே பிள்ளை பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது பையில் பத்து ரூபாய்த் தாள்களும் நாணயங்களும் எடுத்துப் போய், பிள்ளையை எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்யும் ஐந்து சிறுவர்களிடம் தெரெசின்யா நூனெஸ் கேராஹரும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 1985-ல் வெளிவந்தது. வாடிக்கையாளரைப் போலப் போய்க் கணக்குக் கேட்டபோது அவர்கள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும், நூற்றுக்கு 98 என்ற அளவில், சரியாக விடை சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது அது 37 ஆகக் குறைந்தது. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, ஒரு சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்று சொன்னான். நம் நாட்டிலும் கொல்கத்தா, டெல்லி சந்தைப் பிள்ளைகளிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. சந்தைக் கணக்கில் வல்ல பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கு வந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டையும் இணைக்கும் பாலத்தை யாரும் போடவில்லை. அதை வீட்டில் போட முடியும். ஆனால் நாம் அந்த நேரத்தில் இன்னொரு ஒர்க்‌ஷீட் அச்செடுத்துக்கொண்டிருக்கிறோம்.

விரலை மடக்காதே என்று அதட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மனசுல எட்டு, கையில அஞ்சு" என்று நம் பாட்டிகள் சொல்லித் தந்த முறை நல்ல முறை. எட்டை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணாமல் அதற்கு மேல் எண்ணப் பழக்குகிறது. பத்து விரல் இருப்பது பத்தின் துணைகளைக் கற்கவும் உதவும். எட்டு விரல் நீட்டியிருந்தால் மடங்கியிருப்பது இரண்டு. ஏழு நீட்டியிருந்தால் மூன்று. இது தெரிந்த பிள்ளை எட்டோடு ஐந்தைச் சேர்க்கும்போது, ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்று, பதின்மூன்று என்று சொல்லும். 27-ஓடு 35 என்றாலும் மூன்றைக் கொடுத்து முப்பதாக்கி, 32 சேர்த்து 62 என்று போய்விடும். தாள் வேண்டாம், மேலே எதையும் போட வேண்டாம். விரலை விடச் சொல்லி நாம் கெடுபிடி செய்ய வேண்டியதில்லை, தேவை தீர்ந்ததும் தானே விட்டுவிடும். மேசைக்கு அடியில் கையை ஒளித்து எண்ணுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயம் நாம் கொடுத்தது.

மொட்டை மாடியில் சாக்பீஸால் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு ஒன்றிலிருந்து நூறு வரை எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையும் இடமிருந்து வலமாகவே போக வேண்டும். 27-ல் நின்றுகொண்டு ஒரு கட்டம் கீழே குதித்தால் 37, இன்னொன்று குதித்தால் 47. பத்து கூடுவது ஒரு குதி. 35 கூட்ட மூன்று குதியும் ஐந்து அடியும். வீட்டிலுள்ள பாம்புக்கட்டப் பலகையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் எண்கள் ஒரு வரிசை இப்படியும் அடுத்த வரிசை அப்படியுமாக வளைந்து போகும், பத்துக் கூடினால் நேர் மேலே வராது. நாட்காட்டியும் ஆகாது, அதில் வரிசைக்கு ஏழு.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் காதையும் கொஞ்சம் கவனியுங்கள். தர்ட்டீன், தர்ட்டி, செவன்டீன், செவன்டி. காதில் விழும்போதே குழம்புகிறது. 17 என்று சொன்னால் 70 எழுதுகிறது. கட்டு கட்டும் வேளையில் பதினேழு, எழுபது என்று தமிழிலும் சேர்த்துச் சொல்லுங்கள், குழப்பம் குறையும். பள்ளியில் ஆங்கிலம் பின்தங்கிவிடும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று நினைப்பவர்கள் நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். அவருடைய பொன்மணிகள் என்ற கற்றல் கருவியில் ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்குப் பத்து மணி கோத்த கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். கையில் தூக்கினாலே எது பெரியது என்று தெரியும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டையும் பொருளும் வைத்துக் கற்றார்கள். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில் பொருள்களைக் கையாண்டே கணக்கைத் தொடங்கச் சொல்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விதையும் குச்சியும் மணியும் சேர்த்து வைத்து இதைச் செய்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? "விளையாடிக்கிட்டே இருக்காங்க, படிப்பே இல்லை" என்றோம். அதே நாம் மாதம் பணம் கட்டி அபாகஸ் வகுப்பில் சேர்த்து, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரலை அசைத்து விடை சொன்னால் கை தட்டுகிறோம். அபாகஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகம் அதில் வரும். ஆனால் 16 கொட்டைச் சோதனையை அந்தப் பிள்ளையிடமும் செய்து பாருங்கள்.

எழுதுவதே தவறு என்பது என் கட்சி அல்ல. நெடுக்காக எழுதிக் கூட்டும் முறை அருமையான முறை, ஆயிரங்களும் லட்சங்களும் வரும்போது அது இல்லாமல் முடியாது. முந்திக்கொண்டு வருவதுதான் கேடு. கமியும் ஆன் டாமினிக்கும் 1998-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், 7, 52, 186 மூன்றையும் தாளில்லாமல் கூட்டச் சொன்ன செய்தி வருகிறது. நெடுக்கு முறை கற்பிக்கப்படாமல், தாமே வழி கண்டு பழகிய இரண்டாம் வகுப்பில்தான் 245 என்று சரியாகச் சொன்னவர்கள் அதிகம். முறை கற்ற வகுப்பில் சிலர் 186-ஐவிடவே சிறிய எண்ணை விடையாகச் சொல்லிவிட்டு அதில் எந்த உறுத்தலும் இல்லாமல் இருந்தார்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த உறுத்தல் இல்லாமைதான். விடை தவறுவது சாதாரணம். விடை பொருந்துகிறதா என்று பார்க்கும் பழக்கமே போய்விடுவது சாதாரணமல்ல.

ஆகவே எழுதும் காலம் வரும்போதும் ஒரு படி இடையில் வையுங்கள். கட்டையும் உதிரியையும் படமாக வரையட்டும். கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, உதிரிக்குப் புள்ளி. பிறகு 20-ம் 7-ம், 30-ம் 5-ம் என்று பிரித்து எழுதி, 50, 12, 62 என்று சேர்க்கட்டும். நெடுக்கு முறைக்கு வரும்போது "ஒண்ணை மேலே போடு" என்ற சொல்லை வீட்டை விட்டே ஒழித்துவிடுங்கள். "பத்தை மேலே போடு" என்று சொல்லுங்கள். அல்லது "ஒரு கட்டை அங்கே வை" என்று சொல்லுங்கள். பக்கத்தில் குச்சிகள் இருக்கட்டும். இரண்டாம் வகுப்பு முடியும்வரை இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாள் பிள்ளை 27-க்கும் 35-க்கும் 512 என்று எழுதிக்கொண்டு வரும். ஐந்தையும் எழுதியிருக்கிறது, பன்னிரண்டையும் எழுதியிருக்கிறது. சிவப்பு மையை எடுக்காதீர்கள். "நூறு குச்சிகூட இல்லையே நாம வெச்சது, ஐந்நூறு எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, குச்சி டப்பாவை அதன் பக்கம் நகர்த்துங்கள். அடுப்பில் வேலை இருந்தால் எழுந்து போய்விடுங்கள், கூப்பிட்டால் வாருங்கள்.